கேட்காமல் கேட்ட கைக்கூலி

"எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்."

சம்பந்தம் பேச உட்காரும் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்காதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இதைப் பெருந்தன்மையோடு சொல்கிறார். பெண்ணின் தகப்பனார் தலையை ஆட்டிப் புன்னகை செய்கிறார். நடுவில் இருப்பவர் 'அல்ஹம்து லில்லாஹ்' என்கிறார். சர்பத் வருகிறது. ஃபாத்திஹா ஓதி எல்லோரும் கலைகிறார்கள். அன்றிரவு அந்தத் தகப்பனார் உறங்குவதில்லை.

ஏன் உறங்கவில்லை? அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே! தொகை சொல்லவில்லை, பவுன் சொல்லவில்லை. ஆயினும் அவர் பாயில் புரண்டுகொண்டே கணக்குப் போடுகிறார். மூத்தவளுக்குப் போட்டது எவ்வளவு, அடுத்த தெருவில் போன மாதம் போட்டது எவ்வளவு, இதற்குக் குறைந்தால் மகள் போன இடத்தில் தலைநிமிர்ந்து இருப்பாளா என்று எண்ணி எண்ணி விடியற்காலம் வரை விழித்திருக்கிறார். இத்தனை பவுன் என்று கேட்டிருந்தால்கூட அதற்கு ஓர் எல்லை இருந்திருக்கும். 'போடுவதைப் போடுங்கள்' என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை.

அன்பார்ந்த வாசகர்களே! நாம் இங்கே சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: வாய் திறந்து கேட்காதவன் கேட்டவன் ஆவானா? தானாக வந்ததை வாங்கிக்கொண்டவன் மீது அல்லாஹ்விடத்தில் குற்றம் உண்டா?

கைக்கூலி கூடாது என்று மிம்பரிலும் மேடையிலும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அது நல்லது என்று வாதிடும் ஒரு முஸ்லிமை இன்று காண்பது அரிது. அப்படியிருந்தும் அது நம்மை விட்டுப் போகவில்லை. சீர் என்றும் அன்பளிப்பு என்றும் 'பாசத்தில் செய்தது' என்றும் பெயரை மாற்றிக்கொண்டு நம் வீடுகளிலேயே குடியிருக்கிறது. 'கேட்டு வாங்குவதுதான் ஹராம். கேட்காமல் வந்தது ஹதியா' என்று ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டு, அதற்கு இந்தப் பக்கத்தில் நாம் நிம்மதியாக நிற்கிறோம். அந்தக் கோடு மார்க்கம் கிழித்த கோடா, நாமே கிழித்துக்கொண்ட கோடா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நானும் பல ஆண்டுகள் குனிந்து பார்க்காதவன்தான்.

பீரோவில் இருந்த புரோநோட்டு

என் நிகாஹ் 1986-ஆம் ஆண்டில் நடந்தது. என் வாப்பா தொழுகையாளி. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். பெண் பேசப் போனபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலே எழுதிய அதே சொல்லைத்தான், மனத்தில் எந்தக் கள்ளமும் இல்லாமல், அவரும் சொன்னார். பெண் வீட்டார் 25 பவுன் நகை போட்டார்கள். ஒரு மோட்டார் சைக்கிளும் கட்டில், பீரோ, பாத்திரம் பண்டங்களும் வந்தன. 'நாங்கள் கைக்கூலி வாங்காத குடும்பம்' என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

தஃப்தரில் எழுதிய மஹர் 1,001 ரூபாய். அதையும் 'பிறகு கொடுப்பது' என்று எழுதிவிட்டு, 14 ஆண்டுகள் கழித்தே கொடுத்தேன் என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன். வந்த மோட்டார் சைக்கிளில் மறுநாளே ஏறிவிட்ட எனக்கு, கொடுக்க வேண்டிய 1,001 ரூபாய் 14 ஆண்டுகள் நினைவுக்கு வரவில்லை!

2004-ல் என் மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, மவுத்தானார்கள். சில நாட்களுக்குப் பின் அவர்களுடைய காகிதங்களை ஒழுங்கு செய்யும் வேலை என்னிடம் வந்தது. பீரோவின் அடித்தட்டில் ஒரு துணிப்பையில் பழைய பத்திரங்கள் இருந்தன. ஒன்று, ஒரு ஏக்கர் தென்னந்தோப்பை விற்ற கிரயப் பத்திரத்தின் நகல். மற்றொன்று, பணம் கட்டித் தீர்த்ததும் கிழித்துத் திருப்பித் தந்த புரோநோட்டு. இரண்டிலும் இருந்த தேதியைப் பார்த்தேன். என் நிகாஹுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எழுதப்பட்டவை. அந்தப் புரோநோட்டின் பின்புறத்தில் வரவு வைத்த கடைசித் தேதி 1995. அதாவது ஒன்பது ஆண்டுகள் அவர் அந்தக் கடனைக் கட்டியிருக்கிறார். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் பெருநாளைக்குப் பெருநாள் எனக்குச் சட்டைத்துணியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் காகிதத்தை என் மனைவியிடம் காட்டினேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. அவளுக்கு முன்பே தெரியும்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை? நாங்கள் ஒன்றும் கேட்கவில்லையே!" என்றேன்.

"நீங்க கேட்கலைதான். கேட்க வேண்டிய அவசியத்தை ஊரு உங்களுக்கு வைக்கலையே" என்றாள்.

பெரிய கிதாபுகளில் தேடி அடைய வேண்டிய விளக்கத்தை அவள் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்பதை, பின்னர் கிதாபுகளைப் புரட்டியபோதுதான் அறிந்தேன்.

மனம் ஒப்புதல் என்பது எது?

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான சூரத்துன் னிஸாவின் நான்காவது ஆயத்தைப் பார்ப்போம். பெண்களுக்குரிய மஹரை அவர்களிடம் மகிழ்வோடு கொடுத்துவிடுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். அத்துடன், அதிலிருந்து ஒரு பகுதியை அவர்களே மனம் விரும்பி விட்டுத்தந்தால் கணவன் அதைத் தாராளமாக அனுபவிக்கலாம் என்றும் அனுமதிக்கிறான். இந்த அனுமதிக்கு வைக்கப்பட்ட நிபந்தனையைக் கவனியுங்கள். 'அவள் வாயால் சரி என்று சொன்னால்' என்பதன்று நிபந்தனை. அவளுடைய உள்ளம் விரும்பியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இந்த ஆயத்தை முன்வைத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோரைப் பற்றிப் பேசும் பகுதியில், ஆழ்ந்த ஒரு விளக்கம் தருகிறார்கள். ஒருவன் தன் மனைவியை வாட்டி நெருக்குகிறான். அவள் அலுத்துப்போய் மஹரை விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். உலகத்துத் தீர்ப்பில் அவன் கடன் தீர்ந்தது; காழி அவள் வாய்ச்சொல்லைக் கொண்டே தீர்ப்பளிப்பார். ஆனால் மறுமையின் தீர்ப்பில் அது மனம் விரும்பிக் கொடுத்ததாகாது என்கிறார்கள் இமாம் அவர்கள். மேலும், மக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரிடம் பொருள் கேட்க, அவர் கொடுக்க மனமில்லாவிட்டாலும் பிறர் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டுக் கொடுத்தால், அதற்கும் அடித்துப் பறிப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் கருத்து. அங்கே சாட்டை உடம்பில் விழுகிறது. இங்கே வெட்கம் என்னும் சாட்டை உள்ளத்தில் விழுகிறது. வலி ஒன்றுதான்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 505-ல், கிறிஸ்து ஆண்டு 1111-ல், மறைந்தவர்கள். நம் சம்பந்தப் பேச்சு மஜ்லிஸை அவர்கள் பார்த்ததில்லை. ஆயினும் பாயில் புரளும் அந்தத் தகப்பனாரின் முதுகில் விழுந்த சாட்டையை அவர்கள் சரியாக அடையாளம் காட்டிவிட்டார்கள்.

தன் மனைவிக்குத் தானே கொடுத்த மஹரில் ஒரு திர்ஹத்தைத் திரும்ப வாங்குவதற்கே இவ்வளவு கடுமையான நிபந்தனை என்றால், மாமனாரின் தோப்பை வாங்குவதற்கு நிபந்தனை இதைவிடக் குறைவாகவா இருக்கும்?

வீட்டில் உட்கார்ந்திருந்தால் வருமா?

'அன்பளிப்பு சுன்னத்து ஆயிற்றே! ஒருவருக்கொருவர் ஹதியா கொடுத்துக்கொள்ள மார்க்கம் ஆர்வமூட்டுகிறதே!' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ஹதியா என்று பெயர் சூட்டப்பட்டதெல்லாம் ஹதியா ஆகிவிடாது என்பதையும் பெருமானார் (ஸல்) அவர்களே கற்றுத் தந்திருக்கிறார்கள்.

அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை, பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத்துப் பொருளை வசூல் செய்ய நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து கணக்கு ஒப்புவிக்கும்போது, இது உங்களுக்குச் சேர வேண்டியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். அவர் கேட்டு வாங்கினார் என்று அந்த ஹதீஸில் இல்லை. ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று, அந்த மனிதர் தம் தாய் தந்தையரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

கேட்டாரா, கேட்கவில்லையா என்பது அங்கே விசாரணையே ஆகவில்லை. அந்தப் பொருள் எதனால் வந்தது என்பதுதான் விசாரணை. இதே உரைகல்லில் நம் 25 பவுனையும் உரைத்துப் பார்ப்போம். மாமனாருக்கு மருமகன் மீது பாசம் வருவது இயல்பே. ஆனால் அந்தப் பாசம் நிகாஹுக்கு இரண்டு மாதம் முன்பே, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத ஒருவன் மீது, தோப்பை விற்கும் அளவுக்கு எப்படிப் பொங்கியது? மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்க்கிறார்கள் என்ற அச்சம் இல்லாத ஊரில் அவர் பிறந்திருந்தால் அந்தத் தோப்பை விற்றிருப்பாரா?

அன்பளிப்பை அன்பளிப்பாக்குவது எது என்று எண்ணிப் பாருங்கள். கொடுக்கிறார் என்பது மட்டும் போதாது, அபராதமும்தான் கொடுக்கப்படுகிறது. கொடுக்காமலும் இருக்கலாம் என்ற சுதந்திரம் கொடுப்பவருக்கு இருப்பதே அன்பளிப்பின் உயிர். 'இன்று கையில் இல்லை' என்று ஒருவர் தலைநிமிர்ந்து சொல்லவும், அதனால் அவருக்கோ அவர் மகளுக்கோ ஒரு குறையும் நேராதிருக்கவும் வேண்டும். அங்கேதான் அவர் கொடுப்பது ஹதியா. 'இல்லை' என்று சொல்ல முடியாத இடத்தில் 'இந்தாருங்கள்' என்று சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

வழக்கம் பேசினால் வாய் பேசியது போல

மார்க்கச் சட்ட வல்லுநர்களான ஃபுகஹாக்கள் இன்னொரு விதியையும் வகுத்திருக்கிறார்கள். ஒரு காரியம் ஊர் வழக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டால், அதை நிபந்தனையாக வாயால் சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. உஸ்மானியப் பேரரசில் 1869-க்கும் 1876-க்கும் இடையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பில் இது 43-ஆம் விதியாக இடம்பெற்றிருக்கிறது.

நம் அன்றாட வாழ்க்கையிலும் இதுதான் நடப்பு. முடிதிருத்தும் கடையில் போய் உட்காருகிறோம். கூலி பேசுவதில்லை. வேலை முடிந்ததும், 'நீ கூலி கேட்கவே இல்லையே, நான் வருகிறேன்' என்று எழுந்து போக முடியுமா? அவர் கேட்கவில்லை, வழக்கம் அவருக்காகக் கேட்டுவிட்டது. கடைக்காரருக்கும் நமக்கும் பொதுவான இந்த நியாயத்தை, சம்பந்தப் பேச்சில் மட்டும் நாம் மறந்துபோவதேன்? ஒவ்வொரு கல்யாணத்திலும் நகையும் பணமும் பண்டமும் போகிற ஊரில், மாப்பிள்ளை வீட்டார் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவர்களுக்காக ஊர் கேட்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்களின் விசாரிப்பு கேட்கிறது. சீர் இறங்கும்போது எட்டிப் பார்க்கும் கண்கள் கேட்கின்றன. இத்தனை பேர் நமக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நம் வாய் மட்டும் மூடியிருந்தது என்பது எப்படிச் சாட்சியாகும்?

என் மனைவி சொன்னது இதைத்தான்.

ஆகவே, வழக்கம் ஏற்கெனவே கேட்டுவிட்ட இடத்தில், சும்மா இருப்பவன் கேட்டவனே ஆவான். அங்கே கேட்காமலிருப்பது போதாது. 'வேண்டாம்' என்று வாய் திறந்து, தெளிவாக, முன்கூட்டியே சொன்னால்தான் ஒருவன் கேட்காதவன் ஆகிறான்.

அரசாங்கத்தின் சட்டத்தையும் இங்கே பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பது, வாங்குவது இரண்டையுமே குற்றம் என்கிறது. நம் மஹரை அது வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1980-களில் இச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை ஐந்தாண்டுச் சிறைக்குக் குறையாததாக உயர்த்தப்பட்டது. ஆயினும் கேட்காமல் வரும் பரிசுகளுக்கு, பட்டியல் எழுதி வைக்க வேண்டும், பெண் வீட்டார் கொடுப்பது வழக்கத்தை ஒட்டியும் வசதிக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும் என்ற வரம்போடு, அது விலக்கு அளிக்கிறது. அந்தச் சிறிய கதவின் வழியே பெரிய பீரோக்கள் எல்லாம் நுழைந்துவிடுகின்றன. நாட்டில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவுகளை அரசாங்கக் கணக்கே சமீப ஆண்டுகளில் காட்டி வருகிறது. சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகச் சட்டம் நாவையும் கையையும்தான் பார்க்க முடியும். உள்ளத்தைப் பார்ப்பவனிடம் கணக்குச் சொல்ல வேண்டிய முஸ்லிம், அந்தச் சட்டத்தின் விலக்கைத் தன் ஈமானுக்கு விலக்காக எடுத்துக்கொள்ளலாமா?

நாம் சொல்லும் சமாதானங்கள்

'பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குச் சீர் கொடுக்கவில்லையா?' என்று ஒரு கேள்வி வரும். ஒரு போர்வை, ஒரு தண்ணீர்த் துருத்தி, புல் அடைத்த ஒரு தோல் தலையணை ஆகியவை ஹதீஸில் சொல்லப்படுகின்றன. அந்த நிகாஹில் மஹராக அலீ (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது அவர்களுடைய இரும்புக் கவசம். அலீ (ரலி) அவர்கள் பெருமானாரின் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. குடித்தனம் தொடங்க ஏதுமில்லாத இரு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் தந்த போர்வையையும் தலையணையையும் காட்டி, 50 பவுனுக்கு ஆதாரம் தேடலாமா? அந்த வீட்டில் கவசம் எந்தப் பக்கமிருந்து போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

'மகளுக்கு நாங்கள் போடுவது அவளுக்கே பாதுகாப்பு' என்பது இன்னொரு சமாதானம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழும் வழக்கம் இருக்கிறது. தன் பெயரில் உள்ள தன் வீட்டில் வாழும் பெண்ணை 'வெளியே போ' என்று சொல்ல யாராலும் முடியாது என்பதில் ஒரு நன்மை உண்டு. இலங்கையில் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 'கைக்கூலி' என்ற நம் தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டு, அது மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்று விளக்கம் தருகிறது. மனைவி அதைக் காழியாரிடம் முறையிட்டுத் திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறது. அவளுக்காகக் கொடுத்தது அவளுடையது என்ற நியாயம் மெச்சத்தக்கது. ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்: நம் வீடுகளில் அந்த நகை இப்போது யார் பெயரில், எந்தக் கடையின் அடமானத்தில் இருக்கிறது? ஒரு மகளுக்குப் பாதுகாப்பான வீடு, மூன்று மகள்களைப் பெற்ற ஏழைத் தகப்பனுக்கு எத்தனை ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கை?

மகளுக்கு உண்மையான பாதுகாப்பை அல்லாஹ்வே வகுத்திருக்கிறான். பெற்றோர் விட்டுச் சென்றதில், அது கொஞ்சமானாலும் அதிகமானாலும், பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது அதே சூரத்துன் னிஸாவின் ஏழாவது ஆயத்தின் தீர்ப்பு. அதைக் கேட்டு வரும் சகோதரியிடம் 'உனக்குத்தான் கல்யாணத்தில் செய்தாயிற்றே!' என்று சொல்லும் சகோதரர்கள் எத்தனை பேர்! அல்லாஹ் கொடுக்கச் சொன்னதை நிறுத்திக்கொண்டு, அவன் சொல்லாததைக் கடன் வாங்கிக் கொடுக்கிறோம். மாமனாரிடம் வாங்கியதும் மருமகன். தன் சகோதரிக்குக் கொடுக்காததும் அதே மருமகன்தான்.

கொடுப்பவருக்கு இதில் பங்கு இல்லையா? நெருக்கடியில் கொடுப்பவரின் நிலையை அல்லாஹ் அறிவான். அவரிடம் கடுமை காட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் எவரும் நெருக்காமலே, ஊர் பார்க்க வேண்டுமென்று 100 பவுனை அடுக்கும் செல்வந்தர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அவர் தம் மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அடுத்த தெரு ஏழையின் மகளுக்கு விலையையும் உயர்த்திவிட்டார். அவருக்கு அது ஒரு நாள் பெருமை. அந்த ஏழைக்கு ஒன்பது ஆண்டுப் புரோநோட்டு.

'ஊரே செய்யும்போது நான் ஒருவன் என்ன செய்வது?' என்பதுதான் கடைசிச் சமாதானம். ஊர் என்று தனியே ஓர் ஆள் எங்கே இருக்கிறார்? நானும் நீங்களும் அவரும் சேர்ந்ததுதான் ஊர். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொண்டால், எல்லோரும் சேர்ந்து செய்த ஒரு பாவத்துக்கு ஒருவர்கூடப் பொறுப்பாளி இல்லை என்றாகிவிடும். மறுமையில் ஊர் ஊராக எழுப்பிக் கேட்கும்போது ஊருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறோமா? அங்கே ஒவ்வொருவரும் தன்னந்தனியாகத்தான் வர வேண்டும் என்று திருமறை எச்சரிக்கிறதே!

சொல்லிப் பார்த்தேன்

போன ஆண்டு என் மகனுக்குப் பெண் பேசப் போனோம். என் பெரியண்ணன், வழக்கம்போல், "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்..." என்று தொடங்கினார். அடுத்த வரி அவர் வாயிலிருந்து வருவதற்குள் நான் குறுக்கிட்டேன். நகை, பணம், வாகனம், சாமான் எதையும் நாங்கள் வாங்க மாட்டோம். வந்தால் திருப்பி அனுப்புவோம். மஹரை நிகாஹுக்கு முன்பே பெண்ணின் கையில் கொடுத்துவிடுவோம். விருந்து எங்கள் வலீமா ஒன்றுதான் என்று சொல்லி, ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தேன்.

பெண்ணின் தகப்பனார் மகிழ்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து என்னைத் திண்ணைப் பக்கம் அழைத்துப் போய், "காக்கா, தப்பாக நினைக்காதீங்க. தம்பிக்கு உடம்பிலே ஏதாச்சும் குறை இருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

நான் கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு என்ன தகுதி? நேர்மையாக நடக்கிறவனிடம் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று எண்ணும் அளவுக்கு அவருடைய மனத்தைப் பழக்கிவிட்டவர்கள் நாங்கள்தானே! தீமை வழக்கமாகிவிட்டால், நன்மைதான் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டியதாகிறது. அவரிடம் என் மாமாவின் புரோநோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். எங்கள் வருகைக்கு முன்பே அவர் எழுதி வைத்திருந்த கணக்கு அது. எத்தனை பவுன், எந்த நிலம், யாரிடம் எவ்வளவு கைமாற்று என்று வரிசையாக இருந்தது. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அந்தக் காகிதம் எழுதப்பட்டுவிட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதை என் முன்னாலேயே அவர் கிழித்தார்.

நிகாஹ் நடந்தது. என் மருமகளுக்கு அவளுடைய உம்மா ஒரு கெட்டி ஜமுக்காளமும், தம் கையால் தைத்த தலையணை உறைகளும் கொடுத்தனுப்பினார். அதை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. கொடுக்காமலும் இருந்திருக்கலாம் என்ற சுதந்திரத்தோடு ஒரு தாய் கொடுத்தது அது.

மகனைப் பெற்றவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை பெண் பேசப் போகும்போது 'போடுவதைப் போடுங்கள்' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 'வேண்டாம்' என்பதை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். மஹரைக் கடனாக வைக்காதீர்கள். மஹல்லா ஜமாஅத்தார் நிகாஹ் தஃப்தரைத் திறக்கும்போது, மஹர் எவ்வளவு என்று கேட்பதோடு, அது கொடுத்தாயிற்றா என்றும் கேட்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வீட்டில் உள்ளவளிடம் ஒரு நாள் உட்கார்ந்து, அவளுடைய வாப்பா இதற்காக எதை விற்றார் என்று கேளுங்கள். பதில் அவளுக்குத் தெரிந்திருக்கும். நம்மை வெட்கப்படுத்த வேண்டாம் என்றுதான் அவள் சொல்லாமல் இருக்கிறாள்.

தோப்பு விற்ற பணத்தில் எனக்கு வந்ததன் மதிப்பை, என் மாமாவின் வாரிசுகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து வருகிறேன். இன்னும் முடியவில்லை. ஆனால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. புரோநோட்டைக் கட்டி முடித்த அந்த மனிதர், கடைசி வரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே கப்ரில் போய் உறங்குகிறார்.

பிறர் உள்ளம் விரும்பாததை உண்ணாமல் வாழும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! உண்டுவிட்டதைத் திருப்பிக் கொடுக்கும் மனத்தையும், அதற்கான ஆயுளையும் தருவானாக! ஆமீன்.